ஆபர்ன் ஸ்பீட்ஸ்டர் ஓவியம்: குரோமில் தெரிவது எந்த வானம்?

வாவிக்கரை:
1935 ஆபர்ன் 851 ஸ்பீட்ஸ்டரை நீர்வண்ணத்தில் வரைந்து போட்டிருக்கிறேன். கோர்டன் பியூரிக் வடிவமைத்த அமெரிக்கக் கார். நீர்த்துளி போன்ற மட்கார்ட், படகு மாதிரிக் கூர்ந்து முடியும் பின்பகுதி. பின்னால் மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலம். பார்த்துச் சொல்லுங்கள்.

களுவாஞ்சித் தூரிகை:
அண்ணன், பின்பகுதியின் வளைவு மிக நன்றாக வந்திருக்கிறது. சிவப்பு எங்கும் திட்டுத் திட்டாகக் காயவில்லை. ஆனால் குரோமை, அந்தப் பளபளக்கும் உலோகப் பூச்சை, நம்ப முடியவில்லை. குரோமுக்குச் சொந்த நிறம் கிடையாது, எதிரில் இருப்பதைத்தான் காட்டும். கல்லடியில் நிற்கும் காரென்றால் மேலே நம்முடைய வானம், நடுவில் கடும் இருட்டுக் கோடு, கீழே மணல் நிறம் தெரிய வேண்டும். உங்கள் பம்பரில், நீங்கள் பார்த்து வரைந்த போட்டோவிலிருந்த சாம்பல் வானம் அப்படியே இருக்கிறது. அதனால் காரை வெட்டி ஒட்டியதுபோல் தெரிகிறது. வெளிச்சப் புள்ளிகளுக்கு வெள்ளைக் குவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் தடித்த நீர்வண்ணம்) வேறு பூசியிருக்கிறீர்கள். தாளின் வெள்ளையைப் பூசாமல் விட்டிருக்க வேண்டும்.

வாவிக்கரை:
தம்பி, கார்தான் பொருள், பாலம் வெறும் சாயல். அந்தக் கார் கல்லடிக்கு வந்தது என்று நான் சொல்லவில்லையே, ஸ்டியரிங்கைக்கூட இடப்பக்கம்தான் வைத்திருக்கிறேன். குவாஷை ஏன் தீட்டாகப் பார்க்கிறீர்கள்? ஜெர்மன் ஓவியர் ட்யூரர் 1502இல் வரைந்த முயலிலேயே வெள்ளைக் குவாஷ் இருக்கிறது. தாளின் வெள்ளையை வண்ணம் படாமல் மூடிவைக்கும் மாஸ்கிங் திரவம் நம்முடைய வெக்கையில் தாளோடு பிடித்துக்கொள்ளும், உரிக்கும்போது தாளும் கிழியும்.

ஆரையம்பதி கராஜ்:
இடையில் வருகிறேன். இது சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவி) வைத்த எட்டு சிலிண்டர் எஞ்சின், 150 குதிரைவலு. பொனட்டின் பக்கவாட்டிலிருந்து இறங்கும் நான்கு சைலன்சர் குழாய்களும் வழவழப்பானவை அல்ல, வளையம் வளையமாக மடிப்புள்ளவை. ஒவ்வொரு வளையத்திலும் வெளிச்சம் தனித்தனியாக விழும். நீங்கள் நீளமாக ஒரே வெள்ளைக் கோடு இழுத்திருப்பதால் பிவிசி பைப் மாதிரி இருக்கிறது.

களுவாஞ்சித் தூரிகை:
அதைத்தான் நானும் சொல்கிறேன். முயலின் மீசைக்குக் குவாஷ் பொருந்தும், அது மயிர். குரோமில் அது சுண்ணாம்பு மாதிரி மங்கிக் காய்கிறது. மாஸ்கிங் திரவத்தை நாள்கணக்கில் விட்டால்தான் பெரும்பாலும் கிழியும். வண்ணம் நன்றாகக் காய்ந்ததும் அன்றைக்கே உரித்துவிடுங்கள். மாரி காலத்தில் தாள் லேசில் காயாது, ஆனாலும் ஹெயார் டிரையர் பிடிக்காதீர்கள், சூட்டில் திரவம் தாளோடு ஒட்டிக்கொள்ளும்.

வாவிக்கரை:
வளையங்களைச் சரிசெய்வேன். வானத்தை மாற்றமாட்டேன். அந்தச் சாம்பல் நிறம்தான் சிவப்பை எடுத்துக் காட்டுகிறது. வேண்டுமென்றால் பாலத்தை எடுத்துவிடுகிறேன்.

களுவாஞ்சித் தூரிகை:
பாலத்தை எடுக்காதீர்கள் அண்ணன்! பாலம் 1924, கார் 1935. இரண்டும் ஒரே காலத்து இரும்பு, பக்கத்தில் நிற்கத் தகுதியுள்ளவை. உங்கள் சாம்பலை வைத்தே இன்னொரு வழி இருக்கிறது: மார்கழி மழைக்கு முந்திய வானத்தைப் பாலத்துக்கு மேலேயும் பூசுங்கள். பம்பரில் பாலத்தின் வளைவை ஒரு மெல்லிய கோடாக வளைத்து விடுங்கள். அடுத்த தாளில் செய்து போடுங்கள், பிறகு பேசுவோம்.