புத்தாண்டுக் காலை வியன்னா இசை: மனத்தை விட்டுப் போகாத ஒரு நிமிடம்

கடலோரத்தான் (சூரிச்):

ஜனவரி 1 காலை வியன்னா பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசிக்கும் புத்தாண்டுக் கச்சேரியில் மறக்க முடியாத நிமிடம் எது என்பதுதானே பேச்சு? 2005ஆம் ஆண்டைப் பற்றி யாரும் எழுதாததால் நானே தொடங்குகிறேன். லோரின் மாசெல் இசைக்குழுவை நடத்திய ஆண்டு. ஆழிப்பேரலை அடித்து ஆறு நாட்கள். முல்லைத்தீவில் இருந்த அக்காவிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. வீட்டுக்கார அம்மா என்னைத் தனியே இருக்க விடாமல் கீழே கூப்பிட்டுத் தொலைக்காட்சி முன் உட்காரவைத்தார். பொன்னிற மண்டபமும் மேடையெங்கும் பூக்களும் எனக்கு அன்று கசந்தன. எழுந்து போய்விடத்தான் நினைத்தேன்.

'நீல டான்யூப்' வால்ட்ஸ் (மூன்றடித் தாள நடன இசை) முடிந்தது. வழக்கப்படி அடுத்து ராடெட்ஸ்கி மார்ச் என்ற படைநடை இசை. மண்டபமே தாளம் தட்டும். அந்த அம்மாவும் ஒவ்வோர் ஆண்டும் வீட்டிலிருந்தே தட்டுவாராம். பழக்கத்தில் இரண்டு கைகளையும் மார்புக்கு நேரே எடுத்துவிட்டார். மார்ச் வரவில்லை. ஆழிப்பேரலையில் இறந்தவர்களுக்காக அந்த ஆண்டு அதை வாசிக்காமல் விட்டார்கள். எடுத்த கைகளை மெல்ல இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். என் பக்கம் திரும்பவில்லை. இருபது ஆண்டுகள் கடந்தும் அந்தக் கைகள் என் கண்ணில் நிற்கின்றன.

வயலின் மாணவி (சென்னை):

எனக்கு 2021. நடத்தியவர் ரிக்கார்டோ முட்டி. பெருந்தொற்றுக் காலம், மண்டபத்தில் ஒரு ரசிகர்கூட இல்லை. முன்பே பெயர் பதிவு செய்தவர்கள் பல நாடுகளில் தங்கள் வீட்டிலிருந்து தட்டிய கைதட்டலை மண்டபத்துக்குள் ஒலிக்கவிட்டார்கள். ஆனால் மார்ச் வாசிக்கும்போது தாளம் தட்ட ஆளில்லை. அதனால்தான் எனக்கு அது காதில் விழுந்தது: முதல் மெட்டில் வயலின்கள் சுரங்களுக்கு முன்னால் தொட்டுவிட்டுப் போகும் அந்தச் சின்னச் சின்ன ஒட்டுச் சுரங்கள். அத்தனை ஆண்டுகளாகக் கைதட்டலுக்கு அடியில் அவை இருந்திருக்கின்றன! மறுநாள் வயலினை எடுத்து அதை மட்டும் வாசித்துப் பார்த்தேன். வரவில்லை. இன்னும் சரியாக வரவில்லை.

டான்யூப் கரை (வியன்னா):

கடலோரத்தான் மன்னிக்க வேண்டும், உங்கள் துயரத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த மார்ச் வாசிக்கப்படாததை ஓர் இழப்புபோல எழுதியிருக்கிறீர்கள். அது 1848இல் இத்தாலியர்களைக் குஸ்தோசாவில் தோற்கடித்த ஆஸ்திரியப் படைத்தலைவர் ராடெட்ஸ்கிக்காக மூத்த யோகான் ஸ்ட்ராஸ் எழுதியது. இந்தக் கச்சேரியே முதலில் நடந்தது 1939 டிசம்பர் 31 அன்று, நாஜி ஆட்சியில். இரண்டும் தெரிந்த பிறகு என்னால் கூடச் சேர்ந்து தட்ட முடியவில்லை. நான் இங்கே வந்த முதல் ஆண்டு, 'நீல டான்யூப்' தொடக்கத்தில் வயலின்கள் நடுங்கத் தொடங்கியதும் கூட்டம் கைதட்டி நிறுத்தியதைப் பார்த்து, ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று பயந்துபோனேன். நடத்துநர் திரும்பினார், இசைக்குழுவோடு சேர்ந்து வாழ்த்துச் சொன்னார், மறுபடி முதலிலிருந்து. இது ஆண்டுதோறும் நடக்கும் வழக்கம் என்று பக்கத்திலிருந்த தோழி சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. எனக்கு அந்த வாழ்த்து போதும், மார்ச் வேண்டாம்.

தாளம் போடுபவன் (கோவை):

மார்ச்சைப் பற்றியே பேசுகிறீர்கள், வால்ட்ஸை யாரும் தொடவில்லையே! கார்லோஸ் கிளைபர் 1989இல் நடத்தியதன் பதிவை மாமா வீட்டில் கேட்டேன். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே இருந்த என் கை நின்றுவிட்டது. அவ்வளவுதான் என் கதை.

புதிதாகக் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். வால்ட்ஸை நம் திஸ்ரம் (மூன்றெண்ணும் தாளம்) என்று நினைத்து மூன்று அடிகளையும் சமமாக எண்ணாதீர்கள், தவறிப்போவீர்கள். தாளில் மூன்றும் சமம்தான். வியன்னாக்காரர்கள் இரண்டாவது அடியை ஒரு நூலிழை முன்னால் எடுத்துவிடுவார்கள். மூன்றாவது தன் இடத்திலேயே இருக்கும். நடுவில் விழும் அந்த இடைவெளியில்தான் ஆடுபவர்களின் கால் சுழல்கிறது. இதைப் பிடிக்க வேண்டுமானால் மெட்டை விட்டுவிட்டு இரண்டாம் வயலின்களையும் வயோலாக்களையும் மட்டும் கேளுங்கள். முதலில் தொலைக்காட்சியில் படத்தை அணைத்துவிடுங்கள்; நடனக் காட்சி வந்தால் காது மூடிக்கொள்ளும். கச்சேரி இந்திய நேரம் பிற்பகல் 3.45க்குத் தொடங்கும், அதற்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். நேரில் போக ஆசைப்படுபவர்கள் கவனிக்கவும்: டிக்கெட் குலுக்கலில்தான் கிடைக்கும், பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். ஜனவரி 1 கிடைக்காவிட்டாலும் இதே நிகழ்ச்சியை டிசம்பர் 30, 31 தேதிகளிலும் வாசிக்கிறார்கள்.

வயலின் மாணவி அவர்களே, ஒட்டுச் சுரத்தைக் கையால் அழுத்தாதீர்கள், வில்லின் நுனியில் விடுங்கள்.

வயலின் மாணவி (சென்னை):

நுனியில் முயன்றுவிட்டேன் ஐயா, எனக்கு வில்லின் அடிப்பகுதியில்தான் கொஞ்சமாவது வருகிறது. கடலோரத்தான் அண்ணா, அக்கா?

கடலோரத்தான் (சூரிச்):

டான்யூப் கரைக்கு: நீங்கள் சொன்ன வரலாறு எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த அம்மாவின் கைகளை நான் வேறு மாதிரி பார்த்திருக்க மாட்டேன்.

தங்கைக்கு: ஜனவரி 3 மாலை அக்கா பேசினார். ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார், பிள்ளைகள் கூடவே இருந்தார்கள். அத்தான் கிடைக்கவில்லை. நான் கீழே போய் வீட்டுக்கார அம்மாவிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.