கிளம்பும்போது துள்ளும் ஸ்னோமொபைல்: கிளட்ச் ஸ்பிரிங்கை மாற்றலாமா?

கேள்வி: நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது என் ஸ்னோமொபைல் (பனியில் ஓடும் வண்டி) யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் பாய்கிறது. என்ஜின் நிமிடத்துக்கு 4,500 சுற்றைத் தொட்ட பிறகுதான், என்ஜினோடு சுழலும் முதன்மை கிளட்ச், சக்தியைக் கடத்தும் பெல்ட்டைக் கவ்வுகிறது. வளைவுக்கு வளைவு இதே கதை. பின்னால் உட்காரும் மகள் கழுத்து வலிக்கிறது என்கிறாள். ஸ்பிரிங்கை மாற்றலாமா?

பதில் 1: முதலில் பெல்ட்டைப் பாருங்கள், நண்பரே. தொய்வு கையேட்டில் சொன்ன அளவில் இருக்க வேண்டும். இறுகியிருந்தால் சும்மா நிற்கும்போதே வண்டி ஊரும். தளர்ந்திருந்தால் கிளம்பும்போது தடுமாறும். கிளட்ச் தட்டுகளில் கரிய பெல்ட் தூள் படிந்திருந்தால் துடைத்தெடுங்கள்.

பதில் 2: ஸ்பிரிங்குக்கு இரண்டு எண்கள் உண்டு. முதல் எண் தொடக்க விசை; இரண்டாவது, கிளட்ச் முழுதாக மூடும்போதுள்ள விசை. கவ்வும் சுற்றைத் தீர்மானிப்பது முதல் எண்தான். அதை மட்டும் குறைத்து, இரண்டாம் எண் மாறாத ஸ்பிரிங்கைப் போடுங்கள். கிளட்சுக்குள் சுழன்று அதை மூடவைக்கும் எடைகளைக் கூட்டினாலும் சீக்கிரம் கவ்வும். ஆனால் முழு வேகத்தில் என்ஜின் சுற்று இறங்கிவிடும். அந்த வழி எனக்குப் பிடிப்பதில்லை. ஒரே நாளில் இரண்டையும் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்றே தெரியாது.

கேட்டவர்: இருவருக்கும் நன்றி. மூடியைத் திறந்ததும் தட்டில் விரல் வைத்தேன். மை தொட்டதுபோல் கறுத்தது. துடைத்ததிலேயே பாதி உதறல் போய்விட்டது. தொடக்க விசை குறைந்த ஸ்பிரிங்கைப் போட்டபின் 3,800 சுற்றில் மெல்லக் கவ்வுகிறது. நேற்று மகள் என் முதுகில் சாய்ந்தபடியே வந்தாள்.