ஐஸ் எத்தனை பார் சொல்வது? சராசரி காலை வாருகிறது

மண்டபம்_இறால்:
இறாலுக்குப் போடும் ஐஸை முந்தின சாயங்காலமே சொல்லிவிட வேண்டும். ஒரு பார் (ஐஸ் கட்டி) மிஞ்சினால் கரைந்து 100 ரூபாய் நட்டம். ஒன்று குறைந்தால் அவசர விலையும் இறால் தரம் இறங்குவதும் சேர்ந்து 300. நோட்டில் உள்ள 12 நாள் பார் கணக்கு ஏறுவரிசையில்: 14, 16, 18, 19, 20, 22, 23, 25, 27, 31, 38, 47. சராசரி 25 சொல்லி வைக்கிறேன், கட்டுப்படியாகவில்லை. புள்ளியியலை எங்கிருந்து பிடிப்பது?

தொண்டி_கணக்கு:
அண்ணே, இரண்டு நட்டமும் சமமா இருந்தா இடைநிலை, அதாவது வரிசையின் நடு எண் போதும், 22 இல்லை 23. உங்களுக்குக் குறைஞ்சா மூணு மடங்கு அடி. 300 ÷ (300 + 100) = 0.75. நாலு நாளில் மூணு நாள் போதுற அளவு வேணும். 12-ல் ஒன்பதாவது எண், 27. எக்செல்லில் 0.75-க்குப் பெர்சென்டைல் போட்டா 28 காட்டும், அதுவும் சரிதான்.

25 சொன்னா 12 நாளில் 43 பார் குறையும், 43 மிஞ்சும்: 17,200 ரூபாய். 27-க்கு 35 குறையும், 59 மிஞ்சும்: 16,400. மிச்சம் 800 தான். இந்தச் சூத்திரத்தை மட்டும் நம்பி உட்காராதீங்க.

பாம்பன்_தரவு:
அந்த 38, 47 எப்போ வந்தது? காற்றுக்கு டோக்கன் (படகு கடலுக்குப் போற அனுமதிச் சீட்டு) நிறுத்தி, திரும்ப விட்ட முதல் நாளா?

மண்டபம்_இறால்:
இரண்டுமே அப்படித்தான்.

பாம்பன்_தரவு:
அப்ப பணம் அங்கேதான் இருக்கு. இரண்டு பட்டியலாப் பிரிங்க. சாதா நாள் 10-க்கு (10 × 0.75 = 7.5) எட்டாவது எண் 25; நட்டம் 6,700. நிறுத்தம் முடிஞ்ச நாளுக்கு 47 சொன்னா 900. மொத்தம் 7,600, முன்னால் 16,400. நிபந்தனை நிகழ்தகவுன்னு படிக்கிறது இதைத்தான். ஆனா இரண்டே நாளை வச்சு 47-ஐ சாசனமா எழுதிடாதீங்க, நடந்து முடிஞ்சதுக்குக் கணக்கு எப்பவும் அழகா வரும். டோக்கன் இல்லாத நாளின் பூஜ்யத்தையும் சேர்க்காதீங்க. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடை முடிஞ்சதும் வர்ற முதல் வாரம் தனிப் பட்டியல்.

கீழக்கரை_நோட்டு:
நோட்டில் இருப்பது தேவையா, போட்ட ஐஸா? தட்டுப்பாட்டு நாளில் பெட்டிக்கு ஐஸைக் குறைச்சுப் போட்டு 31-னு எழுதியிருந்தா, உண்மைத் தேவை 36 ஆகக்கூட இருக்கலாம். அந்த நோட்டை வச்சு எந்தக் கணக்கு போட்டாலும் குறைச்சுத்தான் சொல்லும். எடுத்த சரக்கைக் கிலோவில் எழுதுங்க. கிலோவுக்குக் கிலோ ஐஸ்னா 50 கிலோ பாரில் ஒரு டன்னுக்கு 20. பக்கத்தில் காற்று, டோக்கன், எத்தனை நாள் இடைவெளின்னு மூணு கட்டம் போதும்.

படிக்கணும்னா பன்னிரண்டாம் வகுப்பு வணிகக் கணிதத்தில் சமவாய்ப்பு மாறியும் கணித எதிர்பார்ப்பும் முதல்ல. இயல்நிலைப் பரவல் (இரண்டு பக்கமும் சமமாச் சரியுற மணி வடிவம்) அப்புறம் பார்க்கலாம். உங்க எண்கள் வலது பக்கம் வால் நீண்டது, அதுக்குள்ள அடங்காது.