ஜெலுத்தோங் பாட்டி வீடு: குடும்பக் குழு

மல்லிகா அத்தை: பிரகாஷுக்குக் குரல் கேட்பது, சந்தேகம் எல்லாம் மனச்சிதைவு நோய் என்கிறார்களே. பிறையில் ஒரு சாமி இருக்கிறாராம். எலுமிச்சம்பழத்தை வெட்டிப் பார்த்தே சொல்லிவிடுவாராம். பிரகாஷை ஒரு முறை கூட்டிக்கொண்டு போவோம். நம் வீட்டில் இப்படி யாருக்கும் வந்ததில்லையே.

சரோஜா சித்தி: அப்படியானால் என் பிறந்த வீட்டிலிருந்து வந்தது என்கிறீர்களா அண்ணி?

மல்லிகா அத்தை: நான் அப்படிச் சொன்னேனா?

சரோஜா சித்தி: வேறு எப்படிச் சொல்வார்கள்.

தினேஷ்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியப்பா பட்டர்வொர்த்: மல்லிகா, நம் சித்தப்பாவை மறந்துவிட்டாயா? அப்பாவுக்கு நேர் இளையவர். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர், ஒரு நாள் மரமெல்லாம் என்னைத் திட்டுகிறது என்று கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாராம். ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டார்கள். அப்பா அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்.

மல்லிகா அத்தை: அதை ஏன் அண்ணே இப்போது குழுவில் போடுகிறீர்கள்?

கவிதா அக்கா: இப்போதுதான் வார்டிலிருந்து வந்தேன். அத்தைக்கும் சித்திக்கும் சேர்த்தே சொல்கிறேன். இதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு, பெரிய பங்குதான். பொதுவாக 100 பேரில் சுமார் ஒருவருக்கு வரும். அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 10 சதவீதம் அளவில். ஆனால் இது எந்த வீட்டு ரத்தம் என்று கைகாட்ட ஒரு தனி மரபணு கிடையாது. 2022இல் வந்த ஆய்வில் 76,000க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பார்த்தார்கள், மரபணுத் தொகுதியில் 287 இடங்கள் அகப்பட்டன. ஒவ்வொன்றும் ஆபத்தைத் துளித்துளியாகத்தான் கூட்டும். அதில் சில உங்களிடம் இருக்கும், என்னிடம் இருக்கும், தினேஷிடம் கூடுதலாகவே இருக்கும்.

தினேஷ்: அக்கா!

கவிதா அக்கா: ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில்கூட ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவு. மீதிக்கு வேறு காரணங்கள். கர்ப்பத்தில் பட்டினி, பிரசவச் சிக்கல், விடலை வயதில் கஞ்சா. நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் கருவான பிள்ளைகளுக்கு இந்த நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது.

சரோஜா சித்தி: இவன் பிறக்கும்போது கழுத்தில் கொடி சுற்றியிருந்தது கவிதா.

கவிதா அக்கா: சித்தி, கொடி சுற்றிப் பிறந்த பிள்ளைகள் நம் தாமானிலேயே எத்தனை பேர்! அதைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். 1948இல் அமெரிக்காவில் ஒரு மனநல மருத்துவரே, அம்மா ஒதுக்கி வளர்ப்பதால்தான் மனச்சிதைவு வருகிறது என்கிற மாதிரி எழுதினார். அதை நம்பி எத்தனை தாய்மார்கள் நொந்தார்களோ. இன்று எந்த மருத்துவரும் அப்படிச் சொல்வதில்லை.

பெரியப்பா பட்டர்வொர்த்: ஸ்கேன் சுத்தம் என்றார்களே அம்மா. மூளைக் கோளாறு என்றால் படத்தில் தெரிய வேண்டாமா?

கவிதா அக்கா: 1976இல் லண்டனில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, நாள்பட்ட நோயாளிகளுக்கு மூளைக்குள் நீர் இருக்கும் அறைகள் சராசரியாகப் பெரிதாக இருந்தன. சராசரியாகத்தான் பெரியப்பா. ஒருவருடைய படத்தை மட்டும் வைத்து நோய் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. ரத்தப் பரிசோதனையும் கிடையாது. பிரகாஷுக்கு எடுத்தது கட்டி, வீக்கம் எதுவும் இல்லை என்று தெரிந்துகொள்ள.

மல்லிகா அத்தை: 21 வயது வரை நன்றாகத்தானே இருந்தான். கூட்டாளிகளோடு சேர்ந்து சியாபு மாதிரி போதைப்பொருள் ஏதாவது...

கவிதா அக்கா: சிறுநீர்ச் சோதனையில் ஒன்றுமில்லை. ஆனால் கேட்டதில் விஷயம் இருக்கிறது. சியாபு, மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளைக் கொட்ட வைக்கும். மிஞ்சினால் இதே சந்தேகம், இதே குரல்கள். 1952இல் பாரிசில் கொடுத்துப் பார்த்த குளோர்புரோமசின் என்ற மருந்திலிருந்து இன்றைய மாத்திரைகள் வரை பெரும்பாலானவை அந்த டோபமைன் வேலையைத் தடுப்பவைதான். வயதைக் கேட்டீர்களே, பதின்ம வயதில் மூளை வேண்டாத நரம்பு இணைப்புகளைத் தானே கழிக்கும், கறிவேப்பிலைச் செடியைக் கவாத்து செய்வதுபோல. சிலருக்கு அந்த வெட்டு கூடிவிடுகிறதோ என்று 2016இல் சி4 என்ற மரபணுவைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அது மட்டுமே காரணம் என்று அவர்களும் சொல்லவில்லை.

பிரகாஷ்: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

பிரகாஷ்: பரவாயில்லை, பேசுங்கள். அக்கா, டோபமைனுக்கும் நான் யோசித்ததற்கும் என்ன சம்பந்தம்?

கவிதா அக்கா: எதைக் கவனிக்க வேண்டும் என்று மூளைக்கு உணர்த்துவதில் அதற்குப் பங்கு உண்டு தம்பி. வேண்டாத நேரத்தில் சுரந்தால், சம்பந்தமே இல்லாததும் முக்கியமாகப் படும் என்பது ஒரு விளக்கம்.

பிரகாஷ்: அப்படியேதான் இருந்தது. ஃபெரியில் அறிவிப்பு வரும் இல்லையா, அது எனக்கு மட்டும் சொல்வது. எதிரே உட்கார்ந்த மக்சிக், அந்த மலாய் அம்மா, பையைத் திறந்து மூடினால் அதுவும் எனக்கு ஜாடை. பயமாக இருக்கும், எல்லாம் புரிந்துவிட்ட மாதிரியும் இருக்கும். இப்போது மக்சிக் பை திறந்தால் டிஷ்யூதான் எடுக்கிறார். குரலும் குறைந்துவிட்டது. ஆனால் காலையில் எழவே மனம் வருவதில்லை. அதற்கு மருந்து இல்லையா?

கவிதா அக்கா: அதற்கு இந்த மாத்திரைகள் அவ்வளவாக உதவுவதில்லை, உள்ளதைச் சொல்கிறேன். டோபமைன் மட்டும் போதாது என்றுதான் குளுட்டமேட் என்ற இன்னொரு மூளை வேதிப்பொருளையும் ஆராய்கிறார்கள். 2024இல் அமெரிக்காவில் டோபமைனை நேரடியாகத் தடுக்காத ஒரு மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். உன் சோர்வு நோயாலா மாத்திரையாலா என்று டாக்டரிடம் கேள். அளவை மாற்றிப் பார்ப்பார். நீயாக நிறுத்திவிடாதே.

மல்லிகா அத்தை: பிரகாஷ், சாப்பிட்டாயா கண்ணு?

பிரகாஷ்: சாப்பிட்டேன் அத்தை. வியாழக்கிழமை கிளினிக். அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை.

மல்லிகா அத்தை: நான் வருகிறேன். வரும் வழியில் அந்தச் சாமியையும் ஒரு எட்டு...

கவிதா அக்கா: அத்தை.

மல்லிகா அத்தை: கும்பிட்டுவிட்டு வந்து மாத்திரை போட்டால் என்ன குறைந்துவிடும்?

கவிதா அக்கா: அது பிரகாஷ் இஷ்டம். மாத்திரை ஒரு வேளை விட்டாலும் உங்களைத்தான் கேட்பேன்.

பிரகாஷ்: சாமி வேண்டாம் அத்தை. திரும்பும்போது நாசி கண்டார் வாங்கிக் கொடுங்கள்.

பெரியப்பா பட்டர்வொர்த்: கார் நான் எடுத்து வருகிறேன். 7 மணிக்கே கிளம்பி நில்லுங்கள், அங்கே பார்க்கிங் கிடைக்காது.