மின்சாரம் போய் வந்தால் மாறிவிடும் ஐபி முகவரிகள்

கோத்தகிரிவாசி:
எங்கள் வீட்டோடு விருந்தினருக்கான இரண்டு அறைகளும் உள்ளன. தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து மின்சாரம் போய் வரும்போதெல்லாம் பிரிண்டரும் வாசல் கேமராவும் வேறு ஐபி முகவரியை (வீட்டு நெட்வொர்க்கில் ஒரு கருவியைக் கண்டுபிடிக்க உதவும் எண்) பெற்றுவிடுகின்றன, நேற்று 192.168.1.7 ஆக இருந்த பிரிண்டர் இன்று 192.168.1.12 ஆகிவிட்டதால், மடிக்கணினியிலிருந்து ஒரு ரசீதுகூட அச்சிட முடியவில்லை. ஒவ்வொரு கருவியிலும் நிலையான முகவரியை நானே இட்டுவிடலாமா?

குன்னூர்க்காரர்:
கருவியில் இடுவதைவிட ரவுட்டரில் ஒதுக்குவதே நல்லது. பிரிண்டரின் பின்புறச் சீட்டிலோ அதன் நெட்வொர்க் அமைப்பிலோ உள்ள மேக் முகவரியின் (கருவியின் நெட்வொர்க் அடையாளக் குறி) 12 குறிகளையும் சரிபார்த்து, ரவுட்டரின் டிஎச்சிபி (கருவிகளுக்குத் தானாக ஐபி வழங்கும் வசதி) பக்கத்தில் அதற்கு நேரே வேண்டிய ஐபியைக் கொடுத்துவிட்டால், எத்தனை முறை மின்சாரம் போனாலும் அதே முகவரிதான் கிடைக்கும். நான் முகவரியின் கடைசி எண்ணில் 10 முதல் 49 வரை வீட்டுக் கருவிகளுக்கு வைத்துக்கொண்டு, 100 முதல் 199 வரை விருந்தினர் கைபேசிகளுக்கு விட்டிருக்கிறேன். கைபேசிகளுக்கு ஒதுக்க மெனக்கெட வேண்டாம். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் அவை வைஃபையில் பெரும்பாலும் உண்மையான மேக் முகவரியைக் காட்டுவதில்லை.

உதகைவாசி:
விருந்தினர் அறையில் இரண்டாவது ரவுட்டர் உண்டா? எங்கள் வீட்டில் இரண்டுமே 192.168.1.1 ஆக இருந்து, இரண்டும் முகவரி வழங்கியதால் ஒரு வாரம் திண்டாடினோம். இரண்டாவதை 192.168.1.2 ஆக்கி, அதன் டிஎச்சிபியை நிறுத்தி, முதல் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் (வீட்டு நெட்வொர்க்) துளையில் செருகிய பிறகே சரியானது.

கோத்தகிரிவாசி:
ஆம், இருக்கிறது; அதிலும் டிஎச்சிபி ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்திவிட்டேன். பிரிண்டருக்கு 10, கேமராவுக்கு 11 என ஒதுக்கி, பட்டியலை ரவுட்டரின் அருகிலேயே ஒட்டியிருக்கிறேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.