கலங்கல் கூடினால் வாசிப்பு இறங்குகிறது, உணரி பழுதா?

பண்ணைப்பெடியன்:
வணக்கம். தண்ணீரின் கலங்கலை அளக்க வீட்டில் ஒரு கருவி செய்தேன். சப்பாத்துப் பெட்டிக்குள் கறுப்புக் கடதாசி ஒட்டி, நடுவில் ஜாம் போத்தல். ஒரு பக்கம் நீல எல்.ஈ.டி, அதற்குச் செங்குத்தாக ஒளி உணரி. கடையில் வாங்கிய போத்தல் தண்ணீருக்கு வாசிப்பு 11. யாழ்ப்பாணத்துப் பண்ணைக் களப்பின் (கடலோடு சேர்ந்த உப்பு நீரேரி) தண்ணீருக்கு 140. கோப்பாய்ச் செம்மண் ஒரு கரண்டி கரைத்தால் 310. நாலு கரண்டி போட்டேன், 95! தேத்தண்ணி மாதிரி இருக்கிற தண்ணீர் களப்பை விடத் தெளிவாம்.

மீன்கொத்தி:
மூடி இடுக்கால் வெளிச்சம் வருகிறதா?

பண்ணைப்பெடியன்:
கறுப்புத் துணி போர்த்தியும் அதே 95 தான்.

மணற்கும்பி:
உணரியில் பிழை இல்லை, தம்பி. இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து போத்தலை மேலிருந்து பாருங்கள். ஒளி நுழையும் இடத்தில் விரலளவு மட்டும் பளபளக்கும், நடுப்பகுதி இருட்டாகக் கிடக்கும். உணரி பார்ப்பது அந்த நடுவைத்தான். துணிக்கைகள் கொஞ்சமாக இருந்தால் ஒளி ஒருமுறை சிதறி உணரிக்கு வரும். நெருங்கிவிட்டால் திரும்பத் திரும்பச் சிதறி, வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். போதாததற்கு நீங்கள் எடுத்தது நீல ஒளி. செம்மண்ணில் இருக்கிற இரும்பு ஒட்சைட்டு நீலத்தை விழுங்கும். கலங்கலை அளப்பதற்கான சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 7027 முறையில், கண்ணுக்குத் தெரியாத 860 நனோமீற்றர் செந்நிறக்கீழ் ஒளி வைப்பதே நிறத்தின் தொல்லையைக் குறைக்கத்தான்.

நாலு கரண்டிக் கரைசலைப் போத்தல் தண்ணீர் விட்டு 10 மடங்கு, 20 மடங்கு ஐதாக்கி அளந்து, வெறும் தண்ணீரின் 11 ஐக் கழித்துப் பாருங்கள். இரண்டாவது முதலாவதின் பாதியாக வந்தால் நம்பலாம்.

பண்ணைப்பெடியன்:
அண்ணை, 10 மடங்கில் 205, 20 மடங்கில் 108. கழித்தால் 194, 97. சரி பாதி!

மணற்கும்பி:
அப்படியென்றால் நாலு கரண்டிக்கு 1940, ஒரு கரண்டிக்கு 485 வரவேண்டும். உங்களுக்கு வந்தது 310. நீங்கள் சரியென்று நம்பிய வாசிப்பும் பிழைதான்.

பண்ணைப்பெடியன்:
அதை யோசிக்கவே இல்லை. இன்னொரு சிக்கல். போத்தல் தண்ணீர் முடிந்ததால் களப்புத் தண்ணீரை வடிகட்டி அதில் ஐதாக்கினேன். பத்து நிமிடத்தில் வாசிப்பு பாதிக்குக் கீழே போய்விட்டது. திரைந்த பால் மாதிரித் துகள்கள் அடியில் இறங்குகின்றன.

மீன்கொத்தி:
உப்பின் வேலை அது. களித்துணிக்கைகளின் மேற்பரப்பில் மறை மின்னேற்றம் இருப்பதால் நன்னீரில் ஒன்றையொன்று தள்ளி மிதக்கும். உப்பு அந்தத் தள்ளுகையை மறைத்துவிட, ஒட்டித் திரண்டு அடையும். மாரி வெள்ளம் களப்பில் விழும் இடத்திலும் இதுதான் நடக்கிறது.

மணற்கும்பி:
திரண்டவை அடையாமல் மிதந்தாலும் வாசிப்பு இறங்கும். ஒரே நிறை மண் பெரிய கட்டிகளானால் ஒளிக்கு எதிர்ப்படும் பரப்பு குறைவு. சிதறலும் பெரும்பாலும் முன்னோக்கியே போகும். 1972 இல் பெற்சோல்ட் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் சான் டியாகோ துறைமுக நீரை அளந்தபோது, சிதறிய ஒளியில் ஏறத்தாழ 2 சதவீதம்தான் பின்னால் திரும்பியது. ஆகவே வாசிப்பை வைத்து 'லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் மண்' என்று சொல்லிவிடாதீர்கள். அந்தந்த இடத்துத் தண்ணீரையே வடிதாளில் வடித்து, 105 பாகை செல்சியசில் உலர்த்தி, நிறுத்து, அதோடு வாசிப்பை ஒப்பிட வேண்டும்.

பண்ணைப்பெடியன்:
அம்மாவின் சமையல் தராசு 5 கிராமுக்குக் கீழே அசையாது, அண்ணை. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் கேட்டுப் பார்க்கிறேன்.