புதுப்பிப்பு: எட்டாம் வகுப்புச் சமன்பாடும் தக்காளி விலையும்

காட்பாடியில் என் மாலை ட்யூஷன் பிள்ளைகள் சமன்பாட்டைக் கொடுத்தால் தீர்க்கிறார்கள், வாக்கியக் கணக்கு என்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறார்கள், என்ன செய்யலாம் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்.

உள்ளூர் விலையில் கணக்குப் போடச் சொல்லி நீங்கள் தந்த யோசனை பலித்தது. வேலூர் நேதாஜி மார்க்கெட்டில் இலவம்பாடி முள்கத்திரி கிலோவுக்குத் தக்காளியைவிட 20 ரூபாய் அதிகம், இரண்டிலும் ஒவ்வொரு கிலோ வாங்கினால் மொத்தம் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டோம். கத்திரி விலை க, தக்காளி விலை த. பாதிப் பேர் க + 20 = த என்று எழுதினார்கள். தப்பு என்று நான் சொல்லவில்லை. தக்காளியை 40 என்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். கத்திரி 20 ஆனதும், "மலிவாயிடுச்சே சார்!" என்று அவர்களே க = த + 20 என்று மாற்றினார்கள். அப்புறம் த + த + 20 = 100, அது நிமிட வேலை.

'பக்கம் மாறினால் குறி மாறும்' என்ற குறுக்குவழியை அடியோடு விடச் சொன்னவர்களுக்கு: விடவில்லை, பரீட்சையில் வேகம் வேண்டுமே. ஆனால் முதலில் இருபுறமும் 20 கழித்து, இருபுறமும் 2ஆல் வகுத்துக் காட்டிய பிறகுதான் அந்தக் குறுக்குவழி.

வயதுக் கணக்கு இன்னும் இழுக்கிறது. 5 வருடம் கழித்து என்றால் மகனுக்கு மட்டும் கூட்டுகிறார்கள், அப்பாவுக்கு வயதே ஏறுவதில்லை! இப்போதைக்கு 'இன்று', 'பிறகு' என்று அட்டவணை போட வைக்கிறேன்.